ஒரே ஒரு லைட்டில் தொடங்குங்கள்: வீடியோ ஒளியமைப்பு பழக ஒரு வழிகாட்டி

புதிதாகப் படம் எடுப்பவர்கள் ஃப்ரேம் மங்கலாகத் தெரிந்தால் உடனே இன்னொரு லைட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். முகம் பளிச்சென்று தெரியும். அதோடு மூக்கு, கன்னம், தாடை எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டிவைத்த மாதிரியும் ஆகிவிடும். வெளிச்சம் போதவில்லை என்பது ஒரு சிக்கல். ஒளியமைப்பு சரியில்லை என்பது வேறு சிக்கல். முதலாவதைக் கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) கூட்டியும் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு, நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும், எவ்வளவு கறுப்பாக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்யத் தெரிய வேண்டும். அதைப் பழக ஒரு லைட், ஒரு வெள்ளை போர்டு, ஒரு கறுப்புத் துணி போதும்.

நாற்காலியில் உட்கார்ந்து பேசும் ஒருவரைப் படமெடுப்பதுதான் இங்கே பயிற்சிக் காட்சி. இது சரியாக வந்துவிட்டால் பேட்டி, குறும்பட உரையாடல், யூடியூப் விளக்க வீடியோ எல்லாவற்றுக்கும் அடிப்படை கையில் இருக்கும்.

தேவையான பொருட்கள்: 100 முதல் 200 வாட் வரையிலான எல்இடி லைட் ஒன்று; அதற்குப் பொருந்தும் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி), உறுதியான ஸ்டாண்டு இரண்டு, ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுர வெள்ளை தெர்மாகோல் அல்லது ஃபோம் போர்டு, அதே அளவில் பளபளப்பில்லாத கறுப்புத் துணி, கிளிப்புகள், துணி டேப், மணல் மூட்டை. லைட் வாங்கும்போது போவன்ஸ் மவுண்ட் (லைட்டின் முன்னால் துணைக்கருவிகளை மாட்டும் இணைப்பு வளையம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாஃப்ட்பாக்ஸ், ஸ்னூட் (ஒளியைக் குறுக்கும் குழாய்), கிரிட் (ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டம்) எல்லாம் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. வண்ணம் மாறும் ஆர்ஜிபி வசதி இப்போதைக்குத் தேவையில்லை.

அறையை இருட்டாக்குங்கள்

முதலில் உத்தர விளக்கு, டியூப்லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். வீட்டு விளக்குகள் தலைக்கு நேர் மேலிருந்து அடிப்பவை. கண்குழியில் நிழல் கட்டி முகத்தைச் சோர்வாகக் காட்டும். அவற்றை எரியவிட்டுக்கொண்டே உங்கள் லைட்டை வைத்தால், எந்த நிழல் எதனால் விழுகிறது என்றே பிடிபடாது. இருட்டறையில் ஒவ்வொரு லைட்டாகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கடைசியில் ஒரு லைட்டை அணைத்துப் பாருங்கள். ஃப்ரேமில் எதுவும் மாறவில்லை என்றால் அது வேண்டாத லைட்.

கேமராவின் தானியங்கி வசதிகளையும் இப்போதே அணைத்துவிட வேண்டும். ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் லைட்டைக் குறைக்கக் குறைக்க கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். உங்கள் கை வேலை எதுவும் திரையில் தெரியாது. நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான்.

அமைக்கும் வரிசை இது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 நொடி. பின்புலம் எவ்வளவு மங்க வேண்டும் என்பதைப் பார்த்து அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), தொடக்கத்துக்கு f/2.8 அல்லது f/4. ஐஎஸ்ஓவை உங்கள் கேமராவின் நேட்டிவ் அளவில் (சென்சாருக்கு இயல்பான அளவில்) நிறுத்துங்கள். இந்த மூன்றும் நின்றபிறகு எக்ஸ்போஷரைச் சரிசெய்ய லைட்டின் டிம்மரையும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) தூரத்தையும் மட்டுமே தொடவேண்டும். வெளிச்சம் மிஞ்சினால் ஷட்டரை 1/500 என்று ஏற்றாமல் லென்ஸில் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிறக் கண்ணாடி) போடுங்கள், 0.6 என்பது 2 ஸ்டாப், 0.9 என்பது 3 ஸ்டாப் குறைக்கும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் வேகம் ஏறினால் கையசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

ஷட்டருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண டியூப்லைட், மலிவான எல்இடி பல்பு ஆகியவை நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. அதனால் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. 24 ஃப்ரேமில் எடுப்பவர்கள் 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/48ஐ விட்டு 1/50க்கு மாறிக்கொள்வது நல்லது. ஷட்டரைக் கோணத்தில் காட்டும் கேமராவில் அது 172.8 டிகிரி. மலிவான எல்இடிகள் சில, முழு வெளிச்சத்தில் ஒழுங்காக இருந்து, டிம்மரைக் குறைத்ததும் பட்டை காட்டத் தொடங்கும். வேகமாக அணைந்து எரிவதன் மூலமாகவே அவை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் காரணம். அப்படியானால் டிம்மரை விட்டுவிட்டு லைட்டைத் தள்ளிவையுங்கள், அல்லது இன்னொரு அடுக்கு டிஃப்யூஷன் துணி (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணி) போடுங்கள். ஸ்லோமோஷன் எடுக்கும் நாளில் இதைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

கீ லைட்: பக்கமும் உயரமும்

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் முதன்மை லைட்தான் கீ லைட். மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்: பேசுபவர் கடிகாரத்தின் நடுவில் இருக்கிறார், கேமரா 6 மணியில் இருக்கிறது. கேமராவை நேராகப் பார்த்துப் பேசுபவருக்குக் கீ லைட் 4.30 அல்லது 7.30 மணிக்கு அருகில், அதாவது 45 டிகிரி பக்கவாட்டில் இருந்தால் அது பாதுகாப்பான தொடக்கம்.

உயரம்: லைட்டின் மையம் கண்மட்டத்திலிருந்து 30 முதல் 45 டிகிரி மேலே. உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். லைட் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால், சாஃப்ட்பாக்ஸின் மையம் தரையிலிருந்து 2 மீட்டருக்குச் சற்று மேலே வரவேண்டும். பலரும் ஸ்டாண்டைப் போதிய அளவு உயர்த்துவதில்லை. லைட் கண்மட்டத்தில் நின்றால் மூக்கின் நிழல் கன்னத்தில் நேர்க்கோடாகப் போகும், பின்சுவரில் ஆளின் நிழலும் விழும். ரொம்ப உயர்ந்தால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொடும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கோணமானி தேவையில்லை. முகத்தில் இரண்டே இடங்களைப் பாருங்கள். ஒன்று, இரு கருவிழியிலும் லைட்டின் பிரதிபலிப்புப் புள்ளி தெரிகிறதா? தெரியாவிட்டால் லைட்டை இறக்குங்கள். இரண்டு, மூக்கின் நிழல் எங்கே போகிறது? அது கன்னத்தை நோக்கிச் சரிந்து, உதட்டைத் தொடாமல் நின்றால் நல்லது. லைட்டை இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு சேர்ந்து, இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு ஒளி முக்கோணம் மிஞ்சும். ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்பது அதுதான். அந்த முக்கோணம் கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக்கூடாது. 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் முகம் பாதி வெளிச்சம், பாதி இருட்டாகப் பிரியும்.

பேட்டியில் ஆள் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கேள்வியாளரைப் பார்ப்பார். அப்போது கோணத்தைக் கேமராவிலிருந்து அளக்கக்கூடாது, அவருடைய மூக்கு நோக்கும் திசையிலிருந்து அளக்க வேண்டும். கேள்வியாளர் கேமராவுக்கு வலப்புறம் உட்கார்ந்தால் கீ லைட்டும் வலப்புறம்தான், அவரையும் தாண்டி, 4 மணி அளவில். அப்போது முகத்தின் தூரப் பக்கம் வெளிச்சத்தில் இருக்கும், கேமராவுக்கு அருகிலுள்ள கன்னம் நிழலில் இருக்கும். முகத்துக்கு ஆழம் கொடுப்பது இந்த அமைப்புதான். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதே வழக்கம்: கேமரா இருக்கும் பக்கமே லைட்டையும் வைத்துவிட்டு, முகம் ஏன் அகலமாகவும் தட்டையாகவும் வருகிறது என்று லென்ஸைக் குறை சொல்வார்கள். இந்த வழிகாட்டியில் ஒரு விஷயத்தை மட்டும் முயன்று பார்க்க நேரமிருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

தூரமும் மென்மையும்

நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கரைந்து போகிறதா என்பதை வைத்தே ஒளி கடினமா, மென்மையா என்கிறோம். பேசுபவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது அது. 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் முகத்திலிருந்து 90 செ.மீ. தூரத்தில் மிக மென்மையான ஒளி தரும். அதையே 3 மீட்டர் தள்ளி வைத்தால் சின்னப் பெட்டியாகச் சுருங்கிக் கடின ஒளியாகும். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனாலும் தொலைவில் இருப்பதால் வானத்தில் சிறு வட்டமாகத்தான் தெரிகிறது. உச்சி வெயிலின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுவது அதனால்தான். ஆகவே சாஃப்ட்பாக்ஸை ஃப்ரேமின் விளிம்பு வரை நெருக்கிக் கொண்டுவாருங்கள். மானிட்டரில் பெட்டியின் ஓரம் தெரியும்வரை உள்ளே நகர்த்தி, தெரிந்ததும் ஒரு சாண் பின்வாங்கினால் சரி.

சாஃப்ட்பாக்ஸ் இல்லாதவர்கள் வெள்ளைத் துணியை ஃப்ரேமில் கட்டி அதன் வழியே லைட் அடிக்கலாம். அப்போது லைட் துணியை முட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தால் ஒளிமூலம் அந்த வட்டத்தின் அளவுதான்; துணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. துணி முழுவதும் சமமாக ஒளிரும்வரை லைட்டைப் பின்னால் இழுங்கள்.

தூரம் இன்னொன்றையும் கட்டுப்படுத்துகிறது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், அதாவது 2 ஸ்டாப் குறையும். சாஃப்ட்பாக்ஸ் மிக அருகில் இருக்கும்போது இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாது என்றாலும் வேலைக்கு இது போதும். லைட்டிலிருந்து ஆள் 1 மீட்டரிலும் பின்சுவர் 3 மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு. சுமார் 3 ஸ்டாப் இருண்டு, ஆள் தனித்துத் தெரிவார். அதே லைட்டைப் பின்னுக்குத் தள்ளி ஆள் 3 மீட்டரிலும் சுவர் 5 மீட்டரிலும் வருமாறு செய்தால் வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான். சுவரும் வெளுத்துத் தெரியும். பின்புலத்தை இருட்டாக்க வேண்டுமா? முதலில் லைட்டை ஆளுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து டிம்மரைக் குறையுங்கள்.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் காட்சியில் இது எதிராக வேலைசெய்யும். லைட் ஒருவருக்கு 1 மீட்டரிலும் மற்றவருக்கு ஒன்றரை மீட்டரிலும் இருந்தால் இருவருக்கும் இடையே ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வரும். லைட்டை 3 மீட்டருக்குத் தள்ளினால் அதே இடைவெளி அரை ஸ்டாப்புக்கும் குறைவாகச் சுருங்கும். தள்ளியதால் போகும் மென்மையைப் பெரிய துணியால்தான் ஈடுகட்ட வேண்டும்.

நிழல் பக்கத்தை என்ன செய்வது

கீ லைட் நின்றதும் மறுபக்கக் கன்னத்தைப் பாருங்கள். அங்கே மூன்று வழிகள் உண்டு: அப்படியே விடலாம், வெளிச்சம் கூட்டலாம், இன்னும் குறைக்கலாம்.

கூட்டுவதற்கு இரண்டாவது லைட்டைத் தேடாதீர்கள். வெள்ளை தெர்மாகோலை நிழல் பக்கத்தில் முகத்திலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்தி, கீ லைட்டின் வெளிச்சத்தையே திருப்பி அனுப்புங்கள். நெருக்கினால் கூடும், விலக்கினால் குறையும். இரண்டாவது லைட்டை ஃபில்லாக (நிழலை நிரப்பும் லைட்டாக) வைத்தால், அது கொஞ்சம் பலமாகிவிட்டாலே மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் விழும். தொழில் தெரியாதவர் செய்த வேலை என்று காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் அந்த இரட்டை நிழல். போர்டில் அந்த ஆபத்து குறைவு. வெள்ளிநிற ரிஃப்ளெக்டர் ஒளியைக் கடுமையாகத் திருப்பும். அறைக்குள் வெள்ளையே போதும்.

குறைப்பதற்குக் கறுப்புத் துணி. சிறிய அறையில், அதிலும் வெள்ளைச் சுவர் உள்ள அறையில், கீ லைட் சுவரில் பட்டுத் திரும்பித் தானாகவே நிழலை நிரப்பிவிடும். எத்தனை முயன்றும் படம் தட்டையாகவே வருகிறது என்பவர்களின் அறை பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். கறுப்புத் துணியைக் கன்னத்திலிருந்து அரை மீட்டரில், ஃப்ரேமுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தப் பக்கம் உடனே ஆழமாகும். சுவர் பச்சையோ நீலமோ என்றால் கன்னத்தில் படியும் அந்தச் சாயத்தையும் இதே துணி தடுக்கும்.

வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாப்பில் சொல்வார்கள். 1 ஸ்டாப் என்றால் 2:1. விளக்க வீடியோ, நகைச்சுவை போன்றவற்றுக்கு ஏற்றது. 2 ஸ்டாப் என்றால் 4:1; பேட்டிக்கும் சாதாரண நாடகக் காட்சிக்கும் பொருந்தும். 3 ஸ்டாப், அதாவது 8:1, இரவுக் காட்சிக்கும் பதற்றமான காட்சிக்கும் உரியது. லைட் மீட்டர் இல்லாமலே இதை அளக்கலாம். கேமராவின் ஜீப்ராவை (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் கோடுகள் காட்டும் வசதி) 50 சதவீதத்தில் வையுங்கள். அபெர்ச்சரை நன்றாக மூடிவிட்டு மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். வெளிச்சக் கன்னத்தில் கோடுகள் தோன்றும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இருண்ட கன்னத்தில் தோன்றும்வரை மேலும் திறங்கள். இடையில் எத்தனை ஸ்டாப்போ அதுதான் விகிதம். f/5.6இல் ஒன்று, f/2.8இல் மற்றது என்றால் 2 ஸ்டாப்.

பின்னொளியும் பின்புலமும்

கறுப்பு முடியும் இருண்ட பின்புலமும் ஒன்றோடொன்று கலந்துபோனால்தான் பேக் லைட் வேண்டும். கீ லைட்டுக்கு நேர் எதிரே, கீ 4 மணி என்றால் 10 மணியில், தலைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கீ லைட்டில் பாதி பலத்தில் தொடங்கலாம். கறுப்பு முடி ஒளியை விழுங்கும், அதனால் கொஞ்சம் கூடவே தேவைப்படும். வழுக்கைக்கும் நரைமுடிக்கும் மிகக் குறைவு போதும். மூக்கின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் லைட் மிக உயரமாக, தலையைத் தாண்டி முன்னால் விழுகிறது என்று பொருள்; பின்னால் இழுங்கள். லென்ஸில் நேரே பட்டுப் படம் வெளுத்தால், லைட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கட்டர் வைத்து மறையுங்கள். கறுப்பு அட்டையும் ஸ்டாண்டும் இருந்தால் அதுவே கட்டர்.

எல்லா ஷாட்டுக்கும் பேக் லைட் வைப்பது ஒரு பழக்கதோஷம். பின்சுவர் வெளிச்சமாகவும் ஆடை அடர்நிறமாகவும் இருந்தால் ஆள் தானாகவே பிரிந்து தெரிவார். இன்னும் நல்ல தந்திரம், முகத்தின் இருண்ட பக்கத்துக்குப் பின்னால் சுவரில் கொஞ்சம் வெளிச்சமும், ஒளிப்பட்ட பக்கத்துக்குப் பின்னால் இருட்டும் வருமாறு அமைப்பது.

ஆளைச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர், முடிந்தால் 2 மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். சுவரில் நிழல் விழுவது, பின்புலம் மங்காதது, சுவர் வெளுப்பது ஆகிய மூன்று தொல்லைகளும் இந்த ஒரு நகர்த்தலில் குறையும். ஃப்ரேமுக்குள் ஒரு மேசை விளக்கு எரிந்தால் காட்சிக்கு உயிர் வரும். ஆனால் சாதாரண வாட்டேஜ் பல்பு கேமராவில் வெள்ளைப் பந்தாக வெடிக்கும். மிகக் குறைந்த வாட் பல்பு மாட்டுங்கள், அல்லது விளக்கு மூடியின் உட்புறம் கேமரா பக்கமாக மட்டும் ஒரு தாளை ஒட்டுங்கள். தாள் ஒட்டுவது சூடாகாத எல்இடி பல்புக்கு மட்டும்தான். அந்த விளக்கு இருக்கும் திசையிலிருந்தே கீ லைட்டும் வந்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பார்ப்பவருக்கு எழாது.

நிறம்

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறோம். மெழுகுவர்த்தி சுமார் 1900, வீட்டு மஞ்சள் பல்பு 2700, படப்பிடிப்பு டங்ஸ்டன் 3200, பகல் வெளிச்சம் 5600, மேகமூட்டம் 6500 அளவில், திறந்த வானத்தின் நிழல் அதற்கும் மேல். எண் ஏறஏற நீலம். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த ஒளி வெள்ளையாகத் தெரியும். அதற்குக் குறைவானது மஞ்சளாகவும் கூடியது நீலமாகவும் தெரியும்.

தொடக்கத்தில் எல்லா லைட்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்து, கேமராவையும் அதே எண்ணில் வைத்துவிடுங்கள். கலப்பு ஒளி வேண்டுமென்றே செய்தால் அழகு, கவனக்குறைவால் நேர்ந்தால் சேதம். முகத்தின் ஒரு பாதி நீலம், மறுபாதி ஆரஞ்சு என்று பதிவாகிவிட்டால் எடிட்டிங்கில் ஒரு பாதியைத்தான் சரிசெய்ய முடியும். ஜன்னல் பகலொளியும் 2700 பல்பும் ஒரே ஃப்ரேமில் தவிர்க்கமுடியாமல் வந்தால், முகத்தில் விழும் ஒளிக்கு ஏற்ப கேமராவை வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள பல்பை மஞ்சளாக விட்டுவிடலாம். பார்ப்பவர்கள் அதை இயல்பாகவே ஏற்றுக்கொள்வார்கள். பல்பின் மஞ்சள் அதிகமாகத் தெரிந்தால் கேமராவை 4300 அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

நிறம் மாற்ற, லைட்டின் முன்னால் மாட்டும் ஜெல் எனும் வண்ணத் தாள்கள் உண்டு. ஃபுல் சிடிஓ பகலொளியை டங்ஸ்டன் நிறத்துக்கும், ஃபுல் சிடிபி டங்ஸ்டனைப் பகலொளி நிறத்துக்கும் மாற்றும். சிடிபி ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் இரண்டையும் செய்ய வாய்ப்பிருந்தால் சிடிஓ பக்கம் சாய்வதே லாபம்.

கெல்வின் சரியாக இருந்தும் முகம் நோயாளிபோல் பச்சையாகத் தெரிந்தால், மலிவான எல்இடி அல்லது ட்யூப்லைட்டின் பச்சைச் சாயம் அது. பச்சையைக் குறைக்கும் மைனஸ் கிரீன் ஜெல்லின் கால் பங்கு வகை பெரும்பாலும் போதும். லைட் வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற எண்) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் முதல் எட்டு வண்ண மாதிரிகளின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது. தோலின் உயிர்ப்பே சிவப்பில்தான் இருக்கிறது என்பதால் ஆர்9ஐயும், கேமராக்களுக்கென்றே வகுத்த டிஎல்சிஐ எண்ணையும் தேடிப் பாருங்கள்.

தோல்நிறத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷரையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரெக்.709 எனும் வழக்கமான வீடியோ நிறத்தரத்தில் எடுத்த படத்தில், வெளிர்நிறத் தோலின் ஒளிப்பட்ட பகுதி வேவ்ஃபார்மில் (வெளிச்சத்தை 0 முதல் 100 வரை காட்டும் வரைபடம்) சுமார் 65–70, மாநிறத்துக்கு 50–60, கறுப்பு நிறத்துக்கு 40–50 என்று வைத்தால் இயல்பாக இருக்கும். எல்லா முகத்தையும் 70க்கு ஏற்றினால் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூசியதுபோல் வெளிறும். பின்னால் நிறம் திருத்துவதற்காகப் படத்தை வெளிறலாகப் பதியும் லாக் முறையில் எடுத்தால் இந்த எண்கள் பொருந்தா. மானிட்டரில் லட் (லாக் படத்தை இயல்பான நிறத்தில் காட்டும் அமைப்பு) போட்டுப் பாருங்கள். அடர்நிறத் தோலுக்கு லைட்டின் பலத்தைவிட அளவுதான் முக்கியம். பெரிய, மென்மையான ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் வைத்தால், அதன் பிரதிபலிப்பு கன்னத்தில் அகலமாகப் படர்ந்து முகத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டும்.

ஜன்னலும் வெயிலும்

வெயில் நேரே விழாத ஜன்னல் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ். ஆளை ஜன்னலிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டரில், பக்கவாட்டாக உட்காரவைத்து, அறை விளக்குகளை அணைத்து, மறுபக்கம் போர்டோ கறுப்புத் துணியோ வையுங்கள். ஜன்னல் ஆளுக்குப் பின்னால் வந்தால் முகம் நிழலுருவாகிவிடும். அதை எதிர்த்து முன்னாலிருந்து லைட் அடிப்பதைவிட நாற்காலியைத் திருப்பிவிடுவது எளிது. வெயில் நேரே விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள்.

வெளியில், வெயிலை ஆளின் முதுகுப்புறம் வைத்து, முன்னாலிருந்து வெள்ளைப் போர்டால் முகத்துக்கு ஒளி திருப்புவதே எளிய வழி. சூரியனே பேக் லைட், போர்டே கீ. வெள்ளிப் பரப்பை நேரே முகத்தில் அடித்தால் பேசுபவர் கண்ணைச் சுருக்கிவிடுவார். நண்பகலில் வேறு வழியில்லாமல் எடுக்கவேண்டியிருந்தால், தாழ்வாரத்தின் அல்லது மரநிழலின் விளிம்புக்குள் ஓரடி உள்ளே நிறுத்தி, திறந்தவெளியைப் பார்க்கவையுங்கள். இலைகளுக்கு இடையில் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் வந்தால் இடத்தை மாற்றத்தான் வேண்டும். வெயிலை மென்மையாக்கும் பெரிய ஸ்க்ரிம் துணியைத் தலைக்கு மேல் கட்டினால், காற்றில் அது பாய்போல விரிந்து ஸ்டாண்டையே தூக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு ஆளும் மணல் மூட்டையும் இல்லாமல் பெரிய துணியை ஏற்றாதீர்கள்.

மின்சாரம், ஸ்டாண்டு, கேபிள்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்பியர். 1000 வாட் ஹாலஜன் ஒன்று 230 வோல்ட்டில் 4.4 ஆம்ப்பியருக்குச் சற்றுக் குறைவாகவும், 120 வோல்ட்டில் 8.3 ஆம்ப்பியரும் இழுக்கும். சர்க்யூட்டின் முழு அளவை எட்டாமல் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். ஒரே அறையின் இரண்டு பிளக்குகள் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்டில்தான் இருக்கும். ரீலில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுக்க அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே பெரிய லோடு கொடுத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும்.

ஸ்டாண்டின் கால்களை நன்றாக அகட்டி வையுங்கள். சி-ஸ்டாண்டில் (கால்கள் வெவ்வேறு உயரத்தில் உள்ள, பக்கவாட்டுக் கம்பி மாட்டும் ஸ்டாண்டு) உயரமான கால், பாரம் தொங்கும் திசையைப் பார்க்க வேண்டும். மணல் மூட்டையும் அந்தக் காலில்தான், தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். அந்தக் கம்பியைப் பிடிக்கும் திருகு, பாரம் இழுக்கும்போது இறுகும் திசையில் இருக்கட்டும். எதிர்த்திசையில் இருந்தால் பாரமே அதை மெல்லத் தளர்த்தி லைட்டைக் கீழே இறக்கிவிடும். கேபிளை ஸ்டாண்டின் அடியில் ஒரு சுற்று விட்டுத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். யாராவது தடுக்கினாலும் இழுபடுவது அந்தச் சுற்றுதான், லைட் அல்ல.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் படிந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகிப் பல்பு வெடிக்கலாம்.

திரையில் கோளாறு தெரிந்தால்

கண்ணாடி அணிந்தவரின் லென்ஸில் சாஃப்ட்பாக்ஸ் தெரிகிறதா? லைட்டை இன்னும் உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். பட்ட கோணத்திலேயே ஒளி திரும்பும் என்பதால், கேமராவுக்கு அருகிலும் கண்மட்டத்திலும் இருக்கும் லைட்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், கண்ணாடியின் காதுப்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவிட்டு லென்ஸ் கீழ்நோக்கிச் சரியுமாறு செய்யலாம். கேமராவில் அது தெரியாது.

நெற்றி பளபளத்தால் டிம்மரைக் குறைத்துப் பயனில்லை, முகமும் சேர்ந்து மங்கும். டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், கொஞ்சம் பவுடர் போடுங்கள், ஒளிமூலத்தைப் பெரிதாக்குங்கள். சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம் பின்சுவரில் வழிந்தால் முன்பக்கம் துணிக்கிரிட் மாட்டுங்கள். ஒளி ஆளின்மேல் மட்டும் விழும், மென்மையும் பெரிதாகக் கெடாது. வெள்ளைச் சட்டை முகத்தைவிடப் பளிச்சென்று கண்ணை இழுத்தால், லைட்டின் கீழ்ப்பாதியை மறைக்கும்படி ஒரு கட்டரை வைத்து, அதன் நிழல் ஓரம் மார்பில் கரையுமாறு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கட்டர் லைட்டுக்கு நெருங்கினால் ஓரம் மென்மையாகும், ஆளுக்கு நெருங்கினால் கூர்மையாகும்.

பச்சைத் திரைக்கு விதி வேறு. திரைக்கும் ஆளுக்கும் தனித்தனி லைட். திரை மூலைக்கு மூலை சமமாக, முகத்தின் எக்ஸ்போஷருக்குச் சமமாகவோ ஒரு ஸ்டாப் வரை குறைவாகவோ ஒளிரவேண்டும். ஆள் திரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் தோளிலும் முடியிலும் பச்சை படியாது.

ஷாட் மாறும்போது

ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுக்கும்போது முதலில் வைட் ஷாட்டை ஒளியமைத்து எடுத்துவிடுங்கள். குளோஸப்புக்கு வரும்போது லைட்டை நெருக்கலாம், மென்மையாக்கலாம், போர்டைச் சேர்க்கலாம். ஆனால் ஒளி வரும் திசை மாறக்கூடாது. ஜன்னலை நம்பி எடுப்பவர்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். சூரியன் நகர்ந்துவிட்டால் குளோஸப்பின் ஜன்னலொளியை ஒரு சாஃப்ட்பாக்ஸால் உண்டாக்கிவிடலாம். வைட் ஷாட்டில் அறை முழுக்க அதைச் செய்ய முடியாது.

ஸ்டாண்டு கால்கள், நாற்காலி, கேமரா நின்ற இடங்களைத் தரையில் டேப்பால் குறித்துவையுங்கள். டிம்மர் சதவீதம், கெல்வின், அபெர்ச்சர், லைட்டின் உயரம் ஆகிய நான்கையும் எழுதி, முழு அமைப்பையும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஒரு வசனத்தை அடுத்த வாரம் எடுக்கவேண்டி வந்தால் இந்தக் குறிப்பு இல்லாமல் அதே முகம் கிடைக்காது. பேக்கப் சொன்னதும் ஹாலஜன் லைட்டுகளை முதலில் அணைத்து நின்ற இடத்திலேயே ஆறவிடுங்கள். கேபிள், போர்டு, கேமரா எல்லாம் பெட்டிக்குள் போனபிறகு கடைசியாக அவற்றைக் கழற்றலாம்.